பொருள்: ஸ்டியரிங்கை இடப்பக்கம் திருப்பும்போது எழும் சத்தம் தொடர்பாக

உத்தரவாதக் கையேட்டின் நாற்பத்தொன்றாம் பக்கம், ஆறாவது பத்தி இப்படிச் சொல்கிறது: ஸ்டியரிங்கைத் திருப்பும்போது வழக்கத்துக்கு மாறான சத்தம் கேட்டால் உரிமையாளர் வாகனத்தை ஓட்டுவதை நிறுத்தி, எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும். நிறுவனம் ஏழு வேலை நாட்களுக்குள் எழுத்துமூலம் பதில் தர முயலும். முப்பத்துநான்கு ஆண்டுகள் வருவாய்த் துறையில் கோப்புகளோடு இருந்தவன் நான். ஒரு பக்கத்துக்கு 'வேண்டும்' என்றும் மறு பக்கத்துக்கு 'முயலும்' என்றும் எழுதியவர் யாராக இருந்தாலும் தொழில் தெரிந்தவர். அது தெரிந்தும் அந்தப் பத்தியை நம்பினேன்.

வண்டி என் பெயரில் இருக்கிறது. ஓட்டுவது என் மனைவி. ஐந்து வருடங்களுக்கு முன் கண் மருத்துவர் எனக்கு இடது ஓரப் பார்வை குறைந்துவிட்டது என்று எழுதிக் கொடுத்தார். அன்றைக்கே ஸ்டியரிங்கை விட்டு இறங்கினேன். அடுத்த மாதம் அவள் ஓட்டுநர் பள்ளியில் சேர்ந்தாள். அப்போது அவளுக்கு ஐம்பத்தொன்பது வயது. "இந்த வயசுல எதுக்கும்மா?" என்று கேட்ட பயிற்சியாளரிடம், "வீட்டுல அவ்வொளுக்குக் கண்ணு தெரியாதுல்லா" என்றாளாம். எனக்குக் கண் தெரியும். ஓரம்தான் தெரியாது. ஆனால் இரண்டே முயற்சியில் உரிமம் வாங்கிவிட்டாள் என்பதால் அந்தத் திருத்தத்தை நான் வலியுறுத்தவில்லை.

அவள் ஓட்டக் கற்றது ஊர் சுற்ற அல்ல. பிறகு அந்தக் கைப்பழக்கம் மிகவும் தேவைப்பட்டது. அவளுடைய அக்கா ராஜாக்கமங்கலம் பக்கம் தென்னந்தோப்புக்குள் இருக்கிறார். இரண்டு வருடமாகப் படுக்கை. பக்கவாதம். அக்காவின் கணவருக்கு எழுபத்தாறு வயது. மனைவியைத் தனியாகத் தூக்கித் திருப்பிப் போட அவரால் முடியாது. பிள்ளைகள் மஸ்கட்டிலும் குவைத்திலும். வேலைக்கு வைத்த நர்ஸ் ஐந்தாம் நாள் சொல்லாமல் போய்விட்டாள். ஆகவே திங்கள், புதன், வெள்ளி காலை ஐந்தரை மணிக்கு என் மனைவி நாகர்கோவிலில் இருந்து கிளம்புவாள். அக்காவைக் குளிப்பாட்டி, முதுகு துடைத்து, எண்ணெய் தேய்த்து, துணி மாற்றி, பதினொரு மணிக்குத் திரும்பி வருவாள். முதல் பஸ் ஏழு மணிக்கு. பஸ் நிற்கும் முக்கில் இருந்து வீட்டுக்கு ஒன்றரைக் கிலோமீட்டர் மணல் வழி. அவளுக்கு முழங்கால் சரியில்லை.

சத்தத்தை நான் முதலில் கேட்டது ஆகஸ்ட் மாதம் ஒரு புதன்கிழமை. கேட்டைத் திறந்துவிட்டு நின்றிருந்தேன். அவள் வண்டியைப் பின்னுக்கு எடுத்து, ஸ்டியரிங்கை முழுவதுமாக இடப்பக்கம் ஒடித்தாள். முன் சக்கரத்துக்கு உள்ளே இருந்து 'கர்ர்க்' என்று ஒன்று எழுந்தது. எனக்கு ஒரு பழைய தாசில்தாரின் சுழல் நாற்காலி நினைவுக்கு வந்தது. கையெழுத்து போட மனமில்லாத கோப்பு மேசைக்கு வந்தால் அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். அப்போது அது இப்படித்தான் கத்தும்.

"சத்தம் கேட்டியா?"

"என்ன சத்தம்?"

"இடப்பக்கம் ஒடிச்சப்பம். முன்னால."

"கேட்டுக் கம்பி உரசுனதாக்கும். தள்ளி நில்லுங்க, காலுல ஏறிரும்."

போய்விட்டாள். நான் கேட்டைச் சாத்திப் பார்த்தேன், திறந்து பார்த்தேன். கேட்டு எந்தச் சத்தமும் போடவில்லை.

அன்று இணையத்தில் தேடினேன். ஸ்டியரிங் திருப்பும்போது கிறீச்சிடுவதற்கு ஒன்பது காரணங்கள் என்று ஒரு பட்டியல். ரப்பர் காய்ந்திருக்கலாம், ஸ்பிரிங்கின் மேலே உள்ள பேரிங் தேய்ந்திருக்கலாம், ஸ்டியரிங் தண்டுக்குக் கீழே உள்ள உறை உரசலாம், இப்படியே போயிற்று. எட்டு வரை படித்துக்கொண்டே காபி குடித்தேன். ஒன்பதாவது, சக்கரத்தைத் தாங்கும் கீழ்க்கையின் முனையில் உருண்டைபோல உள்ள பால் ஜாயிண்ட். அது தேய்ந்து கழன்றால் ஓடும்போதே சக்கரம் உள்ளே மடங்கிவிடும் என்று எழுதியிருந்தது. காபி ஆறிப்போயிற்று. ராஜாக்கமங்கலம் போகும் வழியில் ஒரு குளத்தங்கரை வளைவு இருக்கிறது. இடப்பக்க வளைவு. தடுப்புச் சுவர் கிடையாது. நானே அந்தக் கரைக்குச் சுவர் கேட்டுப் பணியில் இருந்தபோது இரண்டு முறை குறிப்பு அனுப்பியிருக்கிறேன்.

மறுநாள் ஒரு நோட்டுப் புத்தகத்தில் கோடு போட்டேன். கிழமை, நேரம், போகும்போதா வரும்போதா, எந்தப் பக்கம் திருப்பியபோது, சத்தம் உண்டா இல்லையா. வண்டி வெளியே போகும்போதும் உள்ளே வரும்போதும் கேட்டருகே நின்று கேட்பேன். எதிர்வீட்டுக்காரர் முதல் வாரம் சிரித்தார். இரண்டாம் வாரம், "சார், வாட்ச்மேன் வேலைக்குச் சேந்தாச்சா?" என்றார். நேரத்தைக் குறித்துக்கொண்டேன்.

நடுவில் உள்ள ஐந்தரை மணி நேரம்தான் கஷ்டம். வண்டி ஓட்டும்போது போன் எடுக்கக்கூடாது என்ற விதியைப் போட்டது நான். அதை இந்த வீட்டில் மீறாமல் கடைப்பிடிக்கும் ஒரே ஆள் அவள். ஆகவே போய்ச் சேர்ந்ததும் ஒரு மிஸ்டு கால் கொடுப்பாள். ஆறு மணி ஐந்து நிமிடத்துக்கு அது வர வேண்டும். ஆறு பத்து வரை பொறுத்துக்கொள்வேன். ஆறேகால் ஆனால் குளத்தங்கரை கண்ணுக்குள் வந்துவிடும். ஒரு நாள் ஆறு முப்பத்திரண்டுக்குத்தான் வந்தது. வழியில் பூ வாங்கினாளாம்.

இரண்டு வாரத்தில் நோட்டில் ஒரு ஒழுங்கு தெரிந்தது. காலையில் போகும்போது சத்தம் உண்டு. வரும்போது இல்லை. ஒரு தடவைகூட மாறவில்லை. ஒழுங்கு தெரிந்தால் காரணம் சொல்லாமல் இருக்க முடியாத வேலையில் இருந்தவன் நான். கடற்கரை ஈரக்காற்று ரப்பரை நனைக்கிறது, வீட்டில் நின்றால் அது காய்கிறது என்று முடிவு செய்தேன். அதைக் குறிப்புப் பத்தியில் தெளிவாக எழுதியும் வைத்தேன்.

கம்பெனிப் பணிமனைக்கு எடுத்துப் போகச் சொன்னேன். அவள் ஒரு வெள்ளிக்கிழமை மதியத்தைத் தேர்ந்தெடுத்தாள்.

"அக்காவப் பாத்துட்டு வார வழியில அப்படியே போயிருவோம். நீங்க அங்க வந்து நில்லுங்க."

நான் ஆட்டோவில் போய் நின்றேன். டை கட்டிய இளைஞர் ஒருவர் வண்டியை எடுத்துக்கொண்டு ஒரு சுற்றுப் போய்வந்தார்.

"சார், ஏசி, பாட்டு எல்லாம் ஆஃப் பண்ணித்தான் பாத்தேன். ஒரு சவுண்டும் இல்ல. நார்மல்."

"காலையில வரும். இப்ப வராது" என்றேன்.

"அப்பம் காலையில கொண்டு வாங்க சார்."

"காலையில வண்டி வேற எடத்துல இருக்கும்."

அவர் என் மனைவியைப் பார்த்தார். அவள் சுவரில் ஒட்டியிருந்த டயர் விளம்பரத்தைக் கவனமாகப் படித்துக்கொண்டிருந்தாள். வேலை அட்டையில் 'சத்தம் உணரப்படவில்லை' என்று அச்சடித்துக் கொடுத்தார்கள்.

அந்த ஒரு வரி எனக்கு எதிராகப் பயன்பட்டது. கையேட்டின் ஆறாம் பத்தியைக் காட்டி, பதில் வரும்வரை வண்டியை எடுக்க வேண்டாம் என்று நான் சொன்னபோது, அவள் வேலை அட்டையை எடுத்து மேசையில் வைத்தாள்.

"சத்தம் இல்லன்னு கம்பெனிக்காரனே எழுதித் தந்திருக்கான். சீலும் இருக்கு. பொறவு என்ன?"

வாழ்நாள் முழுவதும் சீல் இருந்தால் மதித்தவன். வண்டியை எடுக்க விட்டேன். ஆனால் கடிதம் எழுதினேன். பொருள், பார்வை, நோட்டின் நகல் இணைப்பாக, ஈரக்காற்றுக் காரணம் மூன்றாம் பத்தியாக. ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்பினேன். ஒப்புகை அட்டை ஆறாம் நாள் திரும்பி வந்தது. பதில் ஏழாம் வேலை நாளில் வரவில்லை, பதினான்காம் வேலை நாளிலும் வரவில்லை. நினைவூட்டு ஒன்று. தொலைபேசியில் ஒரு பெண் குரல், "உங்க புகார் எங்க சிஸ்டத்துல ஓப்பனாத்தான் சார் இருக்கு" என்றது, திறந்திருப்பதே ஒரு சேவை என்பதுபோல. நினைவூட்டு இரண்டு.

இதற்கிடையில் சத்தம் வளர்ந்தது. முன்பு முழுவதும் ஒடித்தால்தான் வரும். இப்போது பாதி திருப்பினாலே வந்தது. வரும்போது மட்டும் வழக்கம்போல அமைதி. அந்த அமைதியைக் கேட்டபடி கேட்டைச் சாத்தும்போது எனக்குக் கொஞ்ச நேரம் மூச்சு சீராக வரும். நோட்டில் 'இல்லை' என்று எழுதிவிட்டுத்தான் காலைச் சாப்பாடே இறங்கும்.

அக்டோபரில் ஒரு வெள்ளிக்கிழமை நானும் வருகிறேன் என்று முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன்.

"நீங்க எதுக்கு? வழியெல்லாம் பைய பைய-ன்னு உயிர எடுப்பீங்க."

"மதினியப் பாத்து ரொம்ப நாளாச்சு."

அவள் என்னை ஒரு முறை பார்த்துவிட்டு ரேடியோவைச் சத்தமாக வைத்தாள். நான் குறைத்தேன். அவள் கூட்டினாள். குளத்தங்கரை வளைவில் ரேடியோவையும் மீறி அது கேட்டது. கேட்டது மட்டும் இல்லை, என் கால் வைத்திருந்த தரைக்குள் ஏதோ அரைபட்டு விட்டது. எதிரே தேங்காய் ஏற்றிய டெம்போ வந்தது. அவள் ஓரம் ஒடித்தாள். மறுபடியும். என் பக்கத்துக் கண்ணாடிக்குக் கீழே தண்ணீர் மட்டுமே தெரிந்தது.

"நிறுத்து."

"இஞ்ச நிறுத்த எடம் எங்க இருக்கு?"

"நிறுத்துன்னு சொல்லுதேன்லா."

"ரெண்டு கிலோமீட்டர்தான். அக்கா நனஞ்சு கெடப்பா. சும்மா இரிங்க."

ஸ்டியரிங்கை அவள் இரண்டு கையாலும் பிடித்திருந்த பிடியை அப்போதுதான் கவனித்தேன். அவளுக்கும் சத்தம் கேட்கிறது. எப்போதுமே கேட்டிருக்கிறது.

தோப்புக்குள் திரும்பி வீட்டு முற்றத்தில் வண்டி நிற்பதற்குள் அண்ணாச்சி வந்துவிட்டார். அக்காவின் கணவரை நான் அப்படித்தான் கூப்பிடுவேன். ஒரு கையில் எண்ணெய்க் குப்பி, மறு கையில் நுனியில் துணி சுற்றிய தென்னை ஈர்க்கில் கட்டு.

"வா பிள்ளே. சவத்து வண்டி, ரோட்டுல திரும்பையிலேயே இஞ்ச வரை கேக்குதே. இடப்பக்கம் ஒடிச்சுப் போடு, ஊத்திருவோம். நேத்து ஆட்டுன எண்ணெயாக்கும்."

பிறகுதான் முன் சீட்டில் என்னைப் பார்த்தார்.

"ஓ. நீரும் வந்திருக்கீரா வேய்" என்றார். குப்பியை ஒரு முறை பார்த்தார். "இது தலைக்குத் தேய்க்க எடுத்தேன்."

அவருக்குத் தலையில் முடி போய் இருபது வருடம் ஆகிறது.

"ஈர்க்கில் எதுக்கு அண்ணாச்சி?"

"அது... காதுக்கு."

என் மனைவி என்ஜினை அணைத்துவிட்டு, சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, இறங்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"எத்தன நாளா?" என்று கேட்டேன்.

"ரெண்டு மாசம் இருக்கும். அத்தான் கெணத்து உருளைக்கு விடுவாரு, கதவுக்கு விடுவாரு. இதுக்கும் விட்டுப் பாப்போம்னாரு. விட்டதும் நின்னுட்டு. பொறவு ரெண்டு நாளைக்கு ஒருக்கா விட வேண்டி வந்துச்சு."

போகும்போது சத்தம், வரும்போது அமைதி. அந்த ஒழுங்கு இவ்வளவுதான். பணிமனைக்கு வெள்ளிக்கிழமை மதியம் போனதும் அதனால்தான். ஈரக்காற்று என்ற என் கண்டுபிடிப்பு மட்டும் என் கையெழுத்தோடு ஏதோ ஒரு கம்பெனி அலமாரியில் இருந்தது.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

அவள் திரும்பினாள்.

"சொன்னா என்ன செஞ்சிருப்பீங்க? போன வருசம் டயருல ஒரு வீக்கம் கண்டுச்சுல்லா. சாவிய எடுத்து பீரோல வச்சுப் பூட்டுனீங்க. லெட்டர் போட்டீங்க. கம்பெனிக்காரன் பதில் போடாம டயரு மாத்தக்கூடாது, மாத்துனா உத்தரவாதம் போயிரும்னு சொன்னீங்க. பத்தொம்பது நாளு. ஆட்டோக்காரன் மூணு நாள் வந்தான், நாலாம் நாள் கோயில் கொடை விழான்னு போனவன்தான். பஸ்ஸுல எத்தன நாள் வர முடிஞ்சுது எனக்கு? அக்காக்கு முதுகுல புண்ணு வந்தது எத்தனாம் நாளுன்னு உங்க நோட்டுல இருக்கா?"

இல்லை. போன வருடத்து நோட்டில் கடிதம் அனுப்பிய தேதிகள் இருந்தன. புண் ஆற நான்கு மாதம் ஆயிற்று என்பது எனக்குத் தெரியும், ஆனால் அது எங்கும் எழுதப்படவில்லை.

உள்ளே இருந்து அக்கா அவளைக் கூப்பிடும் குழறலான குரல் கேட்டது. அவள் இறங்கி, முந்தானையைச் செருகிக்கொண்டு உள்ளே போனாள். சாவியை மட்டும் என் மடியில் போட்டுவிட்டுப் போனாள்.

நான் அண்ணாச்சியிடம் வண்டி இந்த முற்றத்தை விட்டு ஒரு அடி நகரக்கூடாது என்றேன். அவருக்கும் குற்ற உணர்ச்சி இருந்திருக்க வேண்டும். உடனே போனை எடுத்தார்.

"நமக்கு ஒரு ஆளு உண்டு. முட்டத்துக்காரன். சவூதியில பதினாலு வருசம் வண்டிப் பணி செஞ்சவன். டாங்கர் லாரியெல்லாம் பிரிச்சு மாட்டுவான்."

முட்டத்துக்காரர் ஒரு மணி நேரத்தில் பைக்கில் வந்தார். ஐம்பது வயது இருக்கும். பின்னால் ஒரு சாக்கில் ஜாக்கியும் கம்பிப்பாரையும். நான் நோட்டைக் கொடுத்தேன். வாங்கி, மரியாதையாக இரண்டு பக்கம் புரட்டி, திருப்பிக் கொடுத்தார்.

"நல்லா எழுதியிருக்கிய சார்."

"ஓட்டிப் பாக்கணுமா?"

"வேண்டாம் சார். ஓடுனா எல்லாம் சேந்து கத்தும். நிறுத்திப் போட்டா கேடுள்ளது மட்டும் கத்தும். வண்டி ஓட்டுற அக்காவ வரச் சொல்லுங்க, ஸ்டியரிங் பிடிக்கட்டு."

என் மனைவி ஈரக் கையோடு வந்து உட்கார்ந்தாள். என்ஜின் ஓடவில்லை. அவள் மெதுவாக இடமும் வலமும் திருப்ப, அவர் குந்தி உட்கார்ந்து சக்கரத்துக்குப் பின்னால் உள்ள ஸ்பிரிங்கை உள்ளங்கையால் பிடித்தார். "இது சுகமா சுத்துது. மேல பேரிங் இல்ல." ஸ்டியரிங்கில் இருந்து சக்கரத்துக்கு வரும் கம்பியின் முனையைப் பிடித்தார். "இதுவும் இல்ல." பிறகு நீளமான ஸ்குரூ டிரைவர் ஒன்றை எடுத்தார். அதன் நுனியைக் கீழே எங்கோ ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார்.

"அக்கா, இன்னும் ஒருக்கா. பைய."

கர்ர்க்.

"சார், இஞ்ச வாங்க. கைய வச்சுப் பாருங்க. பேடிக்க வேண்டாம், வண்டி நிக்குதுல்லா."

அவர் காட்டிய இடத்தில் விரலை வைத்தேன். ஒரு குமிழ். மேலே ரப்பர் உறை, தொட்டால் வழுவழுவென்று வீங்கியிருந்தது. அவள் திருப்பியதும் அந்தக் குமிழுக்குள் மணல் அரைபடுவது விரல் எலும்பில் தெரிந்தது. பட்டியலில் ஒன்பதாவது.

அவர் தன் விரலை முகர்ந்து பார்த்தார்.

"இதுல யாரு தேங்காண்ண விட்டது?"

நானும் என் மனைவியும் அண்ணாச்சியைப் பார்த்தோம்.

"நம்ம தோப்புத் தேங்கா" என்றார் அண்ணாச்சி கடைசியில். "கலப்படம் கெடையாது."

"எண்ணெ கொள்ளாம் அண்ணாச்சி, நல்லதுதான். அவியலுக்கு விடுங்க. ரப்பருக்கு விசமாக்கும். ஊறி வீங்கி, பாத்தியளா, இஞ்ச கீறிட்டு. இந்த வழி மணலு பூரா எண்ணெயில ஒட்டி உள்ள போயிருக்கு. மொதல்ல சத்தம் வந்தப்பம் கிரீஸ் காஞ்சது மட்டும்தான் கேடு. அது கத்தித் தெரிவிச்சிருக்கு. நீங்க வாய அடச்சிட்டிய."

பிறகு வண்டியை ஜாக்கியில் ஏற்றினார். கம்பிப்பாரையைக் கீழே கொடுத்து நெம்பினார். சக்கரம் தலையாட்டியது. ஒரு விரற்கடை இருக்கும். சக்கரம் அப்படி ஆடக்கூடாது என்பது படிக்காதவனுக்கும் தெரியும். என் மனைவி இறங்கி வந்து பார்த்தாள். அவர் மறுபடி நெம்பினார், அது மறுபடி ஆடியது. அவள் வண்டியின் மேல் வைத்திருந்த கையை எடுத்துக்கொண்டாள்.

"இது கழண்டா என்ன ஆகும்?" என்று கேட்டாள்.

"வீலு உள்ள மடங்கும் அக்கா. ஸ்டியரிங் உங்க கையில இருக்கும். வண்டி இருக்காது."

"எத்தன நாள் தாங்கும்?" இது நான்.

"சொல்ல ஒக்காது சார். பத்து நாளும் ஓடும். இப்பம் திரும்பிப் போற வழியிலயும் கழலும்."

முற்றத்தில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன். நோட்டு மடியில் இருந்தது. 'வரும்போது: சத்தம் இல்லை' என்று எழுதிய வரிகளை விரலால் எண்ணினேன். இருபத்திரண்டு. ஒவ்வொன்றும் அந்த உறை இன்னும் கொஞ்சம் ஊறிய நாள். ஒவ்வொன்றும் நான் நிம்மதியாகச் சாப்பிட்ட நாள்.

புதுக் கீழ்க்கை வெளியூரில் இருந்து வர ஒன்றரை நாள் ஆகும் என்றார். கம்பெனி அல்லாத ஒருவர் கழற்றினால் உத்தரவாதம் ரத்தாகும் என்பது கையேட்டின் நாற்பத்திரண்டாம் பக்கம். சொல்ல வாயெடுத்தேன். என் மனைவி என்னைப் பார்த்தாள். "கழட்டுங்க" என்றேன்.

இரண்டு இரவு அங்கேயே தங்கினோம். மறுநாள் காலையில் அவள் அக்காவைத் திருப்பும்போது என்னையும் கூப்பிட்டாள். தோளுக்கடியில் கை கொடுத்தேன்.

"அங்கன வைக்காதீங்க. புண்ணு இருந்த எடமாக்கும்."

கையைக் கீழே நகர்த்தினேன். அந்த இடத்தில் தோல் வேறு நிறமாக, உள்ளங்கை அகலத்துக்கு, பளபளவென்று இருந்தது. அக்கா முகத்தைச் சுவர்ப்பக்கம் வைத்துக்கொண்டார். வெட்கமா வலியா தெரியவில்லை. நான் நோட்டுப் போட்டுக் கடிதங்களை எண்ணிய பத்தொன்பது நாளும் இந்த முதுகின் அடியில்தான் நடந்திருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை வண்டி தயாரானது. முட்டத்துக்காரர் முற்றத்தில் ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் ஒடித்துக் காட்டினார். ஒன்றும் இல்லை. வீடு திரும்பும் வழியில் குளத்தங்கரை வளைவு வந்தபோது நான் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டேன். சத்தம் இல்லை. ஆனால் சத்தம் இல்லை என்பது எனக்கு இனி ஒரு செய்தியே அல்ல. இரண்டு மாதம் அதைத்தானே நம்பினேன்.

"இனி ஏதாச்சும் சத்தம் கேட்டா சொல்லுவியா?" என்று கேட்டேன்.

"சாவியப் பூட்டுவீங்களா?"

"மெக்கானிக் வந்து பாக்குற வரை வண்டிய எடுக்காத. அந்த நாளுல ஆட்டோ பிடிச்சு நானும் கூட வாரேன். லெட்டர் பொறவு போடுதேன்."

"லெட்டர் கண்டிப்பாப் போடணுமா?"

"போடணும்."

அவள் சிரித்தாள் என்று நினைக்கிறேன். என் இடது ஓரம் எனக்குத் தெரியாது, அவள் இருந்தது வலப்பக்கம், இருந்தாலும் நான் சாலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நோட்டை நிறுத்திவிட்டேன். கேட்டருகே நிற்பதை நிறுத்த முடியவில்லை. இப்போது வண்டி உள்ளே வந்ததும் அவளே ஸ்டியரிங்கை ஒரு முறை முழுவதும் இடப்பக்கம் ஒடித்து நிறுத்துகிறாள், நான் கேட்பதற்காக. இருவரும் அதைப்பற்றிப் பேசுவதில்லை. மிஸ்டு கால் ஆறு பத்துக்கு வந்தாலும் அதற்குள் இரண்டு முறை கேட்டுக்குப் போய்வந்துவிடுகிறேன். பழுது நீங்கியது வண்டிக்குத்தான்.

கம்பெனியின் பதில் ஒரு புதன்கிழமை காலை பத்தே முக்காலுக்கு வந்தது. தபால்காரர் நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். ஒரே பக்கம். தங்கள் வாகனம் எங்கள் பணிமனையில் முறையாகப் பரிசோதிக்கப்பட்டது, வழக்கத்துக்கு மாறான சத்தம் உணரப்படவில்லை, வாகனம் ஓட்டுவதற்குப் பாதுகாப்பான நிலையில் உள்ளது, தாங்கள் கவலையின்றித் தொடர்ந்து பயன்படுத்தலாம். கணினியில் உருவாக்கப்பட்டது, கையொப்பம் தேவையில்லை.

நின்றபடியே இரண்டு முறை படித்தேன். ஆறாம் பத்தி சொன்னபடி நடந்திருந்தால் இதே கடிதம் செப்டம்பரிலேயே, ஏழாம் வேலை நாளில், என் கைக்கு வந்திருக்கும். நான் அதைத் துளையிட்டுக் கோப்பில் கட்டியிருப்பேன். அதற்குப் பிறகு எந்தச் சத்தம் கேட்டாலும், பாதுகாப்பானது என்று எழுத்துமூலம் வந்துவிட்டதே என்று கேட்டைத் திறந்துவிட்டிருப்பேன். நானே சாவியை எடுத்து அவள் கையில் கொடுத்திருப்பேன்.

அவள் இன்னும் வரவில்லை. கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, சாலையைப் பார்த்தபடி, சட்டைப்பையில் இருந்து பேனாவை எடுத்து, வழக்கம்போலக் கடிதத்தின் மேல் ஓரத்தில் பெறப்பட்ட நாளைக் குறித்தேன்: அக்டோபர் 29.